வாங்கித் தரும் மன்னிப்பும் வேறு சில தவறுகளும்

அண்மையில், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியை ஒருவரின் இரண்டாம் வகுப்பில் கடைசி இருக்கையில் அமர்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் இன்னொருவனைத் தள்ளிவிட்டான். ஆசிரியை அடிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. இருவரையும் முன்னால் அழைத்து, "மன்னிப்புக் கேள்" என்றார். அவன் கேட்டான், மற்றவன் "பரவாயில்லை" என்றான், பாடம் தொடர்ந்தது. பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் அப்படியே செய்து, அதையே நல்ல முறை என்று நம்பியிருந்தேன். அடிக்கக் கூடாது, இழிவாகப் பேசக் கூடாது என்பது எல்லாரும் அறிந்ததே. குழந்தைகளின் சண்டைகளையும் நடத்தையையும் கையாளும்போது ஆசிரியர்கள் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

கட்டாயப்படுத்திப் பெறும் மன்னிப்பு

என் வகுப்பில் ஒரு சிறுமி நான்கு நாள்கள் உழைத்து வரைந்த ஓவியத்தைப் பக்கத்தில் இருந்த சிறுவன் கிழித்துவிட்டான். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவனை மன்னிப்புக் கேட்க வைத்தேன். அவள் தயங்கியபோது, "அவன்தான் கேட்டுவிட்டானே, பரவாயில்லை என்று சொல்" என்று அவளையும் வற்புறுத்தினேன். அவள் சொன்னாள். அதன்பிறகு பல வாரங்கள் அவள் வகுப்பில் எதையும் வரையவில்லை. காரணம் கேட்டபோது, "வரைந்தால் கிழிப்பான், பிறகு நான் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும்" என்றாள். அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்றும் என் மீதே கோபம் வருகிறது.

அந்த ஒரு நிமிடத்தில் நான் இரண்டு குழந்தைகளுக்கும் தவறானதைக் கற்பித்திருந்தேன். ஒரு சொல்லை உச்சரித்தால் செய்தது முடிந்துவிடும் என்று அவன் கற்றுக்கொண்டான். தன் வலியைவிட வகுப்பின் அமைதியே ஆசிரியருக்கு முக்கியம் என்று அவள் கற்றுக்கொண்டாள். தண்டிப்பதற்குப் பதிலாக, ஏற்பட்ட பாதிப்பைப் பேசிச் சரிசெய்யும் முறையை உறவைச் சீராக்கும் அணுகுமுறை என்பார்கள். அது பள்ளிகளுக்கு வந்த வழியைப் பார்த்தால், நான் செய்தது அதற்கு எவ்வளவு முரணானது என்பது புரியும். நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தவறு செய்த சிறார், அவர்களின் குடும்பத்தினர், பாதிக்கப்பட்டவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து பேசும் கூட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1990களில் ஆஸ்திரேலியப் பள்ளிகள் அத்தகைய கூட்டங்களை நடத்தத் தொடங்கின. யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்ய என்ன தேவை என்பவையே அங்கே மையக் கேள்விகள். நானோ பாதிக்கப்பட்டவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். இருவரின் மூச்சும் சீராகும்வரை காத்திருந்து, முதலில் தனித்தனியாகக் கேட்கிறேன். என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, இதனால் யாருக்கு என்ன ஆயிற்று, சரிசெய்ய என்ன செய்யலாம் என்ற நான்கு கேள்விகள் போதும். பிறகு, பாதிக்கப்பட்ட குழந்தை சம்மதித்தால் மட்டுமே இருவரையும் சேர்த்து அமர்த்துகிறேன். அந்தச் சிறுமியிடம் காலம் கடந்து இதைக் கேட்டபோது, அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லை. தான் மீண்டும் வரையும்போது அவன் அருகில் அமர்ந்து வண்ணங்களை எடுத்துத் தர வேண்டும் என்றாள். இரண்டு இடைவேளைகளில் அவன் அதைச் செய்தான். இரண்டாம் நாள், யாரும் சொல்லாமலேயே, தாழ்ந்த குரலில் வருத்தம் தெரிவித்தான்.

"ஏன் செய்தாய்?" என்று கேட்பது

ஏழு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் அதன் காரணம் தெரியாது. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற அச்சத்தில் ஏதோ ஒன்றைக் கற்பனை செய்து சொல்லும். பிறகு பொய் சொன்னதற்காகவும் அதைக் கண்டிப்போம். "என்ன நடந்தது?" என்று கேட்டால் குழந்தையால் கண்டதைச் சொல்ல முடியும்.

சிக்கல் வந்தால் மட்டும் வட்டமாக அமர்வது

வகுப்பு முழுவதும் வட்டமாக அமர்ந்து பேசுவதைச் சண்டை நடந்த நாளில் மட்டும் செய்தால், குழந்தைகளின் கண்ணுக்கு அது நீதிமன்றமாகவே தெரியும். வாரத்தின் மற்ற நாள்களில், பிடித்த விளையாட்டு, நேற்று பார்த்த பறவை என்று சாதாரணமானவற்றைப் பேசிப் பழகிய வட்டத்தில்தான் கடினமானதையும் அவர்கள் பேசத் துணிவார்கள்.

நட்சத்திரப் பட்டியல்

1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் சிலருக்கு, வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர், தாமாக விளையாடும் நேரத்தில், பரிசை எதிர்பாராத குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரமே அவர்கள் வரைந்தார்கள். பொருளைப் பகிர்ந்துகொள்ளும் குழந்தைக்குப் பரிசாக, சுவரில் உள்ள பட்டியலில் அதன் பெயருக்கு நேராக நட்சத்திரம் ஒட்டும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள். "நீ பென்சிலைக் கொடுத்ததால் அவன் எழுதி முடித்தான்" என்று நடந்ததை அப்படியே சொன்னாலே அந்தக் குழந்தைக்குப் போதும்.

ஒருவர் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பது

ஒருபோதும் வேண்டாம்.

மறுபடி விசாரிக்காமல் விடுவது

ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியையும், இருவரும் ஒப்புக்கொண்டதையும் எழுதிவைத்து, மூன்றாம் நாள் பாதிக்கப்பட்ட குழந்தையைத் தனியே அழைத்துக் கேட்கிறேன். ஒருமுறை, எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் நினைத்திருந்த ஒரு சண்டையைப் பற்றிக் கேட்டபோது, "நீங்கள் பார்க்கும்போது மட்டும் என்னைச் சேர்த்துக்கொள்கிறார்கள்" என்றான் ஒரு சிறுவன். அன்று மதியமே மீண்டும் அமர்ந்து பேசினோம்.