வீட்டு வேலை செய்யும் பெண்ணின் புகார்: உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் என்றால் ஐடி கம்பெனிக்கானது என்று நினைப்பதுதான் முதல் தவறு. இதன் வேர் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் இருக்கிறது. குயவர் சாதியைச் சேர்ந்த பன்வாரி தேவி, அரசுத் திட்டத்துக்காகக் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனவர். ஆதிக்கச் சாதியினர் தன்னைக் கூட்டாக வன்புணர்ந்ததாக 1992இல் புகார் கொடுத்தார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அதையொட்டிய வழக்கில்தான், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க நெறிமுறைகள் வகுத்த உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு 1997இல் வந்தது, 2013இல் சட்டம் வந்தது.

சரி, கம்பெனியில் புகாரை விசாரிக்க உள்ளேயே ஒரு கமிட்டி இருக்கும், வீட்டு வேலைக்கு ஏது கமிட்டி? 10 பேருக்குக் குறைவான இடத்துக்கும், முதலாளி மேலேயே வரும் புகாருக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. ஆனால் அங்கே போகுமுன் ஒன்றை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானோர் சொல்வதில்லை. அலுவலகப் பெண்ணின் புகாரைக் குழுவே விசாரிக்கும். வீட்டு வேலை செய்பவர் புகாரில் முகாந்திரம் தெரிந்தால் 7 நாளுக்குள் போலீசுக்கு அனுப்பிவிடும். மறுநாளே "நகையைக் காணோம்" என்று எதிர்ப்புகார் வரும் என்ற பயம் அவருக்கு இருக்கும். அது வீண் பயம் இல்லை.

அடுத்தது, அபார்ட்மென்ட் அசோசியேஷனில் உட்கார வைத்து "ஏதாவது வாங்கிக்கொண்டு விட்டுடும்மா" என்பது. சமரசத்தை அந்தப் பெண்தான் கேட்க வேண்டும். கேட்டாலும் பணத்தை அடிப்படையாக வைக்கக் கூடாது என்கிறது சட்டம்.

எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுக்கக் குழுவே உதவ வேண்டும். நாம் எழுதிக்கொடுத்தால் "முறைகேடாக நடந்துகொண்டார்" என்று மெருகேற்றிவிடுகிறோம். "பாத்திரம் தேய்க்கும்போது பின்னால் வந்து இடுப்பைப் பிடித்தார், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க" என்று அவர் சொன்னபடியே இருக்கட்டும். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம்.

"சாதியை இழுக்காதே, கேஸ் திசைமாறிடும்" என்று அறிவுரை சொல்பவர்கள் படித்தவர்களாகவே இருப்பார்கள். அந்தப் பெண் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்று தெரிந்தே, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் சம்மதமில்லாமல் பாலியல் நோக்கில் தொட்டால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். 2015 திருத்தம் இதைத் தெளிவாகவே சேர்த்திருக்கிறது. சாதி சொல்லித் திட்டியிருந்தால் அந்த வார்த்தையும் புகாரில் அப்படியே வரவேண்டும்.

உள்ளூர்க் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் இவர்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். கம்பெனிக்குள் அமைக்கும் குழுவுக்கு அந்த விதி கிடையாது. அங்கே காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் பெண்ணும் புகார் கொடுக்கலாம். ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம், வெளியிலிருந்து வரும் ஓர் உறுப்பினரைத் தவிர, எல்லாரும் அவர் தினமும் "மேடம்", "சார்" என்று கூப்பிடுகிறவர்களாகவே இருக்கலாம்.