தமிழ்ப் போஸ்டரில் எழுத்து கெடும் இடங்கள்

தெருக்கூத்து விழாவுக்கு ஒரு டிசைன் மாணவர் ஏ3 அளவில் போஸ்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிதாக ‘தெருக்கூத்து விழா’, அதன் கீழே நாளும் இடமும், அடுத்து ‘இரவு 10 மணி முதல் விடிய விடிய’ என்று ஒரு வரி. இவ்வளவுதான் வாசகம். இதற்குள்ளேயே சறுக்கும் இடங்கள் நிறைய உண்டு.

முதல் தவறு கணினியைத் திறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. ஆங்கில மாதிரி வாசகத்தை வைத்து லே-அவுட்டை முடித்துவிட்டு, கடைசியில் தமிழை அதே பெட்டிக்குள் திணிப்பார்கள். தமிழ் எழுத்து அகலமானது, சொற்களும் நீளமானவை. ஆங்கிலத்தில் ஒரே வரியில் உட்கார்ந்தது தமிழில் இரண்டாக வழியும். உடனே எழுத்தைச் சுருக்குவார்கள், அத்தோடு போஸ்டரின் உயிர் போய்விடும். அதற்குப் பதிலாக, தாளில் 5 × 7 செ.மீ. கட்டங்கள் 20 போட்டு, ஒவ்வொன்றிலும் உண்மையான தமிழ்ச் சொற்களையே தடித்த மார்க்கரால் எழுதிப் பாருங்கள். ஏ3-இன் நீள அகல விகிதமும் ஏறக்குறைய அதுதான். மெல்லிய பேனா வேண்டாம். எழுத்தின் கனம் தாளில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது அதில் தெரியாது.

தலைப்பை எங்கே உடைப்பது? ‘தெருக்’ ஒரு வரி, ‘கூத்து’ அடுத்த வரி என்றால் சரி. ‘தெரு’ என்று நிறுத்தி, அடுத்த வரியை ‘க்கூத்து’ என்று தொடங்கினால் தப்பு. மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. வரி அப்படித் தொடங்கினாலும் கண் இடறும். இடமில்லை என்று அந்த ‘க்’கையே விட்டுவிடும் போஸ்டர்களும் உண்டு. அது டிசைன் சுதந்திரம் ஆகாது, வெறும் எழுத்துப் பிழை.

அடுத்தது வரி இடைவெளி. மென்பொருள் தானாகக் கொடுப்பது எழுத்தளவில் 120 சதவீதம். அது லத்தீன் எழுத்துக்குப் போட்ட கணக்கு. தமிழில் த, ந, ற, ழ வால்கள் கீழே தொங்கும். புள்ளியும் கி, கீ கொக்கிகளும் மேலே எழும். சிறிய வாசகத்துக்கு 140 சதவீதத்தில் தொடங்குங்கள்: 11 பாயின்ட் எழுத்துக்கு 15 அல்லது 16 பாயின்ட். தலைப்புக்குச் சதவீதமே உதவாது. ‘கூத்து’வின் த வால் இறங்கும் இடத்தில் ‘விழா’வின் வி கொக்கி வந்து முட்டுகிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். முட்டினால் இடைவெளியைக் கூட்டுவதைவிட ‘விழா’வைச் சற்று வலப்பக்கம் நகர்த்துவது பல நேரம் அழகாக அமையும்.

‘தெ’யின் கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி எழுத்தை விட்டு விலகினாலோ ஃபான்ட்டைத் திட்டாதீர்கள். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் ப்ரிஃபரன்ஸஸ், டைப் பகுதியில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ஸைத் தேர்ந்து, பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘சவுத் ஏஷியன்’ கம்போஸருக்கு (எழுத்துகளை அடுக்கும் முறை) மாற்றுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அதன் பெயர் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்’. இந்தச் சங்கடத்துக்குப் பயந்து பாமினி போன்ற பழைய ஃபான்ட்களுக்குத் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் அடித்தது எல்லா ஃபான்ட்டுக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு இல்லை. ஃபான்ட்டை மாற்றிய நொடியில் மொத்த வாசகமும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும்.

கனமான எழுத்து இல்லையென்றால் சுற்றிலும் ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) போட்டுத் தடிமனாக்குவது மாணவர்களின் செல்லத் தவறு. 2 பாயின்ட் ஸ்ட்ரோக் கோட்டின் இருபுறமும் 1 பாயின்ட் பரவும். சுழிக்குள் இரண்டு பக்கமும் அது நடப்பதால் உள்வெளி 2 பாயின்ட் குறுகும். ண, ஞ, ஜ எல்லாம் மைத்திட்டு ஆவது இப்படித்தான். பக்கவாட்டில் இழுத்து நீட்டுவதும் இதே ரகம்: நிற்கும் கோடு பருக்கும், படுக்கும் கோடு அப்படியே இருக்கும். அகலமும் கனமும் ஃபான்ட்டிலேயே வேண்டும் என்றால் அனெக் தமிழ் எடுங்கள். அகலம் இயல்பில் 75 முதல் 125 சதவீதம் வரை, கனம் 100 (மிக மெல்லியது) முதல் 800 (மிகத் தடித்தது) வரை மாறும். கேட்டமரன், முக்தா மலர் ஆகியவற்றிலும் பல கனங்கள் உண்டு. மூன்றுமே இலவசம், திறந்த உரிமம்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் ட்ராக்கிங்கில் கவனம் தேவை. ‘கொ’ மூன்று துண்டாகப் பிரிந்து மிதந்தால் வாசிக்கிறவர் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். எழுத்தை அவுட்லைன் (வெறும் வரைவடிவம்) ஆக்கி, க்ரூப்பைக் கலைத்து, கையால் நகர்த்தும்போது புள்ளி பின்தங்கி நின்றுவிடும். ‘தெருக்கூத்து’ ‘தெருககூத்து’ ஆகும். நகர்த்தும் முன் ஒவ்வொரு எழுத்தையும் அதன் புள்ளி, கொம்பு, காலோடு சேர்த்துக் க்ரூப் செய்துகொள்ளுங்கள்.

கண்ணுக்கே தெரியாத இரண்டு பிழைகளும் உண்டு. ‘கௌ’வுக்குப் பதில் ‘கெ’யும் ‘ள’வும் அடிப்பது ஒன்று, ‘ர்’ போட வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைப்பது மற்றொன்று. சில ஃபான்ட்களில் வித்தியாசமே தெரியாது. வேறு ஃபான்ட்டுக்கு மாறியதும் ர-வின் வால் காணாமல் போகும், அல்லது புள்ளிகளாலான வெற்று வட்டம் ஒன்று முளைக்கும்.

கூத்து என்றதும் பழைய நோட்டீஸ் தோற்றம் கொடுக்க ஆசை வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களை எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும். யானைத் துதிக்கை போன்ற வளைவு போட்ட பழைய லை, னை வைத்துவிட்டு, றா, னா, ணா மட்டும் புதுவடிவில் இருந்தால் எந்தக் காலத்துப் போஸ்டர் என்றே சொல்ல முடியாது.

அச்சுக்கு அனுப்பும்போது நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளும் பகுதி) விடுங்கள். படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ3-க்கு அது 3508 × 4961 பிக்சல். சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம். நான்கு வண்ணத்தைக் கலந்து கறுப்பு செய்தால், அச்சுத் தகடு மயிரிழை விலகினாலும் ‘10 மணி’ இரட்டையாகத் தெரியும்.

அதற்கு முன்பாக இரண்டு ஏ4 தாளில் முழு அளவில் அச்சடித்து ஒட்டி, சுவரில் மாட்டி, 10 அடி தள்ளி நின்று பாருங்கள். அந்தத் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது விளம்பரப் பலகைக்காரர்களின் பொதுக் கணக்கு. சுழி மிகுந்த தமிழ்த் தலைப்புக்கு ஒன்றரை வையுங்கள். நாளும் இடமும் இரண்டடி தூரத்தில் தெரிந்தால் போதும். ஆனால் வரைகிறவருக்கு மனப்பாடமான தேதியை அவரே சரிபார்த்துப் பயனில்லை. போஸ்டரைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் முடித்த பிறகு அவுட்லைன் செய்து பிடிஎஃப் எடுக்கலாம், எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு.