பையை மழைக்கும் பஸ்ஸுக்கும் தக்கபடி அடுக்க வேண்டும்

கல்லூரிப் பையில் முதலில் பிய்வது வலது தோள் வார்தான். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் நான் பை தைக்கும் கடை வைத்து 19 வருஷம் ஆகிறது. இடது வார் மட்டும் பிய்ந்து வந்த பைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகள் ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள், பாரம் முழுக்க அந்த ஒரு தையலில் தொங்குகிறது. கீழ் மூலை தேய்ந்து ஓட்டை விழுந்து வந்தால், உள்ளே ரெகார்ட் நோட்டின் மட்டை மூலை அங்கே குத்திக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஜிப்பை இழுக்கும் ரன்னர் வாய் பிளந்து பல் பிடிக்காமல் வந்தால், கொள்ளாத பையைக் கொள்ள வைத்திருக்கிறார்கள். எங்கே கெட்டிருக்கிறது என்று பார்த்தாலே எப்படி அடுக்கினார்கள் என்பது தெரிந்துவிடும்.

போன வருஷம் என் மகள் நாகர்கோவிலில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தாள். எங்கள் வீடு அருமனைப் பக்கம். மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, தக்கலை வழியாக நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கல்லூரிக்குப் போக வேண்டும். அவளுக்குப் பழக்கிக் கொடுத்ததைத்தான் எழுதுகிறேன். மற்ற பிள்ளைகளுக்கும் ஆகும்.

முதல் வேலை, பையை நிறுத்துப் பாருங்கள். என் கடைக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடை இருக்கிறது. அங்கே தொங்கும் தராசில் ஒருநாள் அவள் பையை மாட்டினேன். 7 கிலோ 800 கிராம். பிள்ளையின் எடை 48 கிலோ. பள்ளிக்கூடப் பைக்கு மத்திய அரசு 2020-ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது, பிள்ளையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று. அது பள்ளிக்கு எழுதியது, ஆனால் கல்லூரி சேர்ந்த அன்றைக்கு முதுகெலும்பு இரும்பாகிவிடாதே. எங்கள் வீட்டில் 5 கிலோ என்று கணக்கு வைத்தோம்.

அன்றைக்கே எல்லாவற்றையும் மேஜையில் கொட்டித் தனித்தனியாக நிறுத்தோம். லேப்டாப்பும் சார்ஜரும் 2 கிலோ 200. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் 1 கிலோ 300. ஐந்து லாங் சைஸ் நோட்டு 1 கிலோ 800. சோற்றுப் பாத்திரம் 900 கிராம், ரெகார்ட் 600, வெறும் பை 600, குடை 400. அப்பொழுதுதான் அவளுக்கே வெளிச்சமானது. லேப்டாப்பை வாரத்தில் ஒருநாள்தான் திறக்கிறாள், ஆறு நாளும் சுமக்கிறாள். அது வீட்டில் நின்றது. கல்லூரியில் குடிதண்ணீர் இருக்கிறது, அரை லிட்டர் பாட்டில் போதும், அங்கே நிரப்பிக்கொள்ளலாம். நோட்டில் இரண்டு மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றப் பாடங்களுக்கு ஒரு ஃபைலில் வெள்ளைத் தாள் வைத்தாள். ராத்திரி வந்ததும் தாளை அந்தந்தப் பாடத்தின் தாள்கட்டோடு கோத்துவிடுவாள். பை 4 கிலோ 300-க்கு வந்துவிட்டது. லேப்டாப் கொண்டுபோகும் நாளில் கணக்கு மீறத்தான் செய்யும். அன்றைக்கு ரெகார்டாவது வேண்டாமா என்று பார்க்க வேண்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதை டே ஆர்டர்தான் சொல்லும். இங்குள்ள பல கலைக் கல்லூரிகளில் திங்கள், செவ்வாய் என்று பாடம் நடப்பதில்லை. முதல் டே ஆர்டர், இரண்டாம் டே ஆர்டர் என்று ஆறு வரை சுற்றும். இடையில் ஒரு லீவு விழுந்தால் எல்லாம் ஒருநாள் தள்ளிப்போகும். புதுப் பிள்ளைகள் இதில்தான் குழம்பி, எதற்கு வம்பு என்று எல்லா நோட்டையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பையின் மூடிக்கு உட்புறம் தெளிந்த பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன உறை தைத்து, டே ஆர்டர் அட்டையைச் செருகிக் கொடுத்தேன். செல்லோடேப் போட்டு ஒட்டினாலும் போதும். நாளைக்கு எத்தனையாவது டே ஆர்டர் என்று பார்த்துவிட்டு ராத்திரியே அடுக்குங்கள். காலையில் சோறும் தண்ணீரும் வைக்கிற வேலைதான் மிஞ்ச வேண்டும்.

இனி அடுக்குகிற முறை. பாரமானது முதுகை ஒட்டி இருக்க வேண்டும். ரெகார்டோ லேப்டாப்போ எதுவானாலும் முதுகுப் பக்க அறையில் நேராக நிற்கட்டும். பாரம் வெளிப்பக்கம் இருந்தால் பை பின்னால் இழுக்கும், பிள்ளை முன்னால் குனியும், கழுத்து வலிக்கும். நோட்டுகளின் தைத்த பக்கம் கீழே இருக்கட்டும், தாள் மடங்காது. பையின் அடியில் ஒரு தோர்த்தை, அதாவது மெல்லிய துண்டை, நான்காக மடித்துப் போடுங்கள். மட்டை மூலை துணியைக் குத்தாது, நனைந்து ஏறும் நாளில் தலை துவட்டவும் ஆகும். டர்க்கி டவல் வேண்டாம், பாரமும் கூடுதல், காயவும் காயாது. ஸ்கேலும் காம்பஸும் டப்பாவுக்குள் இருக்க வேண்டும், லைனிங்கை முதலில் கிழிப்பது அவைதான். லேப் கோட்டில் ஆசிட் தெறித்திருக்கும், அது தனிக் கவரில். இதெல்லாம் போக, ஜிப் உள்ள சின்னப் பை ஒன்று தைக்கச் சொன்னாள் அவள் அம்மா. அதில் இரண்டு நாப்கின், ஒரு ஸ்ட்ரிப் மாத்திரை, பின்னூசி. பெண்பிள்ளைகள் பையில் இது எந்த டே ஆர்டரிலும் இருக்க வேண்டியது.

அடுத்தது மழை. நம் மாவட்டத்துக்கு மழைக்காலம் இரண்டு. ஜூனில் கல்லூரி திறக்கும்போது தென்மேற்கு மழை. ரெகார்ட் முடித்துக் கையெழுத்து வாங்கி செமஸ்டர் எழுதப் போகும்போது வடகிழக்கு மழை. ஒரு வருஷம் முழுக்க எழுதின ரெகார்ட் நனைந்து, மை பரந்து, கடையில் நின்று அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் பை நல்ல பைதான், விலை கூடின பை. எந்தத் துணியானாலும் தைத்த ஊசித்துளை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் இறங்கும். குடை பிடித்தாலும் முதுகில் இருக்கும் பை குடைக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும், குடையில் வடியும் தண்ணீரெல்லாம் அதன்மேல்தான் விழும். வெளியே போடும் மழை உறையும் முழுசாகக் காக்காது, முதுகுப் பக்கம் திறந்துதானே இருக்கிறது.

அதனால் காப்பு உள்ளே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற இடத்துக்கு மேலே பாவாடை மாதிரி பிளாஸ்டிக் கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தக் கனத்த பிளாஸ்டிக்கில் மிச்சம் வாங்கி, பையின் உள் அளவுக்கு ஒரு உறை போட்டேன், வாய் மட்டும் ஒரு சாண் கூடுதல். நோட்டு, ரெகார்ட் எல்லாம் அதற்குள் போகும். வாயை இரண்டு மடிப்பு மடித்துவிட்டால் போதும், கட்டக்கூட வேண்டாம். பிளாஸ்டிக் கிடைக்காதவர்கள் ஜவுளிக்கடைக் கனமான கவரை எடுத்துக்கொள்ளலாம். நனைந்த குடைக்குத் தனிக் கவர் வேண்டும், அது பக்கப் பாக்கெட்டில் இருக்கட்டும்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. நிற்கிற பிள்ளை, உட்கார்ந்திருக்கிற அக்காவிடமோ பாட்டியிடமோ பையைக் கொடுக்கும், அவர்களும் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆக, உங்கள் பை பாதி வழி வேறொருவர் மடியில்தான் போகிறது. அவர்கள் சேலை நனையக் கூடாது, குழம்பு வடியக் கூடாது, முழங்காலில் காம்பஸ் குத்தக் கூடாது. பாரமும் அவர்களுக்குத்தானே. போன், அடையாள அட்டை, சில்லறை மூன்றையும் பையைக் கொடுக்கும் முன்னே கையில் எடுத்துவிட வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஆனால் நேரமாகிவிட்டது என்று வேறு பஸ்ஸில் ஏறினால் காசு வேண்டும், அப்போது பை நாலு சீட் தள்ளி இருக்கும். பைக்குள்ளே பெயரும் வீட்டு போன் நம்பரும் எழுதின சீட்டு ஒன்று வையுங்கள். என் மகள் ஒருநாள் கூட்டத்தோடு இறங்கிவிட்டாள், பை பஸ்ஸிலேயே போய்விட்டது. மடியில் வைத்திருந்த அம்மா அந்தச் சீட்டைப் பார்த்து எனக்கு போன் செய்தார்கள். தக்கலையில் போய் வாங்கிக்கொண்டேன்.

சோற்றைப் பைக்குள் வைப்பதானால் வடிகிற கறி வேண்டாம். தேங்காய் அரைத்த மீன்குழம்பு எண்ணெய் ஒரு தடவை ரெகார்டில் பட்டால் பட்டதுதான். துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), பொரித்த மீன், கெட்டித் துவையல், மோர் மிளகாய், இவை போதும். குழம்பு இல்லாமல் இறங்காது என்றால் துணிப்பையில் தனியாகக் கையில் கொண்டுபோங்கள்.

சனிக்கிழமை பையைக் கவிழ்த்துக் கொட்டி உதறி, ஜிப்பெல்லாம் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், உள்பூச்சு உரிந்து வெள்ளைப் பொடியாகக் கொட்டும். குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உப்புக்காற்றில் இரும்பு ரன்னர் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை ஜிப் பல்லில் மெழுகுவத்தியைத் தேயுங்கள், புதுப் பை வாங்கும்போது பிளாஸ்டிக் பல் உள்ளதாகப் பாருங்கள். அப்புறம், தோள் வார் பையோடு சேரும் இடத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் வெளியே தெரிந்தாலும் அந்த வாரமே எந்தக் கடையிலாவது கொடுத்துவிடுங்கள். நைலான் நூலில், சுற்றிலும் கட்டம் அடித்து நடுவில் பெருக்கல் குறி போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலைதான்.