பகுதி நேர ஆளுக்கும் பாதி வருடம் வேலை செய்தவருக்கும் லீவு கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் மளிகைக்கடையிலும் மினி மார்க்கெட்டிலும் அரைநாள் நிற்பவர் எல்லாரையும் ‘பார்ட் டைம்’ (பகுதி நேரம்) என்றுதான் சொல்வார்கள். ஆனால் மலேசிய வேலைச் சட்டம் மணிக்கணக்குப் பார்க்கிறது. அதே கடையில் அதே மாதிரி வேலை பார்க்கும் முழுநேர ஆளின் நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் பகுதி நேரம். முழுநேரம் வாரத்துக்கு 45 மணி என்றால் எல்லை 31.5 மணி. தினம் 6 மணி வீதம் ஆறு நாள் வந்தால் 36 மணி. அவர் முழுநேர ஆள், முதலாளி என்ன பெயர் வைத்தாலும் சரி.

முழுநேரத்துக்குச் சம்பளத்தோடு ஆண்டு லீவு: 2 வருடத்துக்குள் 8 நாள், 2 முதல் 5 வருடத்துக்குள் 12, அதற்கு மேல் 16. பகுதி நேரத்துக்கு 6, 8, 11. அதிகம் தப்பு நடப்பது இங்கேதான்: “பாதி நேரம்தானே வருகிறார்” என்று 6-ஐ 3 ஆக்கிவிடுகிறார்கள். சட்டமே குறைத்துத்தான் 6 வைத்திருக்கிறது. இன்னொரு முறை வெட்டக் கூடாது.

வருடம் முடியுமுன் வேலையை விட்டால், முடிந்த மாதங்களுக்கு மட்டும் கணக்கு. வாரத்தில் 5 நாள், தினம் 5 மணி வருபவர் மே 15-ல் சேர்ந்து டிசம்பர் 31-ல் நிற்கிறார் என்று வையுங்கள். டிசம்பர் 14-ஓடு 7 மாதம் முடிகிறது. மிச்ச நாட்கள் சேராது. 6 × 7 ÷ 12 = 3.5. அரை நாளோ அதற்கு மேலோ வந்தால் முழு நாள், குறைந்தால் விட்டுவிடலாம். ஆக 4 நாள். முழுநேர ஆளாக இருந்தால் 8 × 7 ÷ 12 = 4.67, அதாவது 5.

வருடம் என்பது சேர்ந்த தேதியிலிருந்து ஓடும், ஜனவரியிலிருந்து அல்ல. கிராணி (கணக்கு எழுதுபவர்) ஜனவரி கணக்கு வைத்திருந்தால், லீவு கூடும் மாதம் தவறாமல் இருக்க, 2 வருடம் நிறையும் மாதத்தைச் செக்ரோலில் (ஆட்களின் வருகைப் பதிவேட்டில்) குறித்து வைக்கட்டும். பொது விடுமுறையையும் வார ஓய்வு நாளையும் இந்த லீவில் கழிக்கக் கூடாது. லீவில் இருக்கும்போது எம்.சி. (டாக்டரின் மருத்துவச் சான்று) கிடைத்தால் அந்த நாள் லீவில் சேராது.

எடுக்காத லீவுக்குக் காசு தரும்போது ஒரு நாள் சம்பளம் தெரிய, மாதச் சம்பளக்காரருக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுங்கள். நாள்கூலி, மணிக்கூலிக்காரர்களுக்கும், ரப்பர் பால் வெட்டும் ஆட்கள் போன்று செய்த அளவுக்குக் கூலி வாங்கும் துண்டுவேலைக்காரர்களுக்கும், முந்தைய சம்பளக் காலத்தில் வாங்கிய மொத்தத்தை வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் செய்த வேலையைச் சம்பளம், நாட்கள் இரண்டு பக்கமும் நீக்கிவிடுங்கள். மேலே சொன்ன, மே 15-ல் சேர்ந்த பகுதி நேர ஆள் 20 நாளில் 900 ரிங்கிட் வாங்கியிருந்தால் நாளுக்கு 45. ஒரு லீவு ஏற்கெனவே எடுத்திருந்தால் பாக்கி 3 நாளுக்கு 135 ரிங்கிட்.