ஆபீஸுக்கு இரட்டை டிஹெச்சிபி, டிஎன்எஸ்: இரண்டாவது சர்வர் நிஜமாகவே கைகொடுக்க

கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர் நின்றால் உடனே யாருக்கும் தெரியாது. பெயரை ஐபி முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் நின்றால் அடுத்த நிமிடமே "நெட் போச்சு" என்று ஆபீஸே எழுந்து வரும். முகவரி வாங்கிய கணினி, லீஸ் காலத்தில் (அந்த முகவரியை வைத்துக்கொள்ள அனுமதித்த காலம்) பாதி கழிந்த பிறகுதான் புதுப்பிக்கக் கேட்கிறது. பதில் இல்லையென்றால் 87.5 சதவீதம் கழிந்ததும் எந்த சர்வர் கொடுத்தாலும் சரி என்று பொதுவாகக் கேட்கிறது. முழுக் காலமும் முடிந்தால்தான் முகவரியை விடுகிறது. லீஸ் 24 மணி நேரம் என்றால், இரண்டு சர்வரும் படுத்தாலும் ஏற்கெனவே இணைந்திருக்கும் கணினிகள் சுமார் 12 மணி நேரமாவது ஓடும். ஆகவே செலவில்லாத முதல் வேலை, கேபிள் வழிக் கணினிகளுக்கு லீஸை 24 மணி நேரமாக்குவது. விருந்தினர் வைஃபைக்கு 1 மணி நேரம் போதும்.

நூறு பேர் வேலை செய்யும் ஆபீஸ், 10.20.0.0/23 நெட்வொர்க் என்று வைத்துக்கொள்வோம். ரூட்டர் 10.20.0.1. சர்வர்கள் 10.20.0.2, 10.20.0.3, இரண்டிலும் லினக்ஸ். கணினிகளுக்குக் கொடுக்கும் முகவரிகளின் தொகுப்பான பூல் 10.20.0.100 முதல் 10.20.1.250 வரை. 10.20.0.100-க்குக் கீழே உள்ளவற்றைப் பிரின்டர், கேமரா போன்றவற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள். இரண்டு சர்வரும் தனித்தனிப் பெட்டிகளில், தனித்தனி ஸ்விட்சில், தனித்தனி யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின் வைப்பது மனதைத் தேற்றிக்கொள்ளத்தான் உதவும்.

டிஹெச்சிபிக்கு ஐஎஸ்சி என்ற அமைப்பின் கியா மென்பொருள். பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபியின் பராமரிப்பு 2022-இல் முடிந்துவிட்டது. புதிதாக அதில் தொடங்காதீர்கள். கியாவில் லீஸ்-கமாண்ட்ஸ், ஹெச்ஏ (ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும் வசதி) என்ற இரண்டு ஹுக் லைப்ரரிகளையும் (கூடுதல் வசதித் துணுக்குகள்) ஏற்றி, முதன்மை சர்வர் வேலை செய்ய, துணை சர்வர் தயாராகக் காத்திருக்கும் ஹாட்-ஸ்டான்ட்பை முறையைத் தேர்ந்தெடுங்கள். இந்த அளவு ஆபீஸுக்குச் சுமையைப் பகிர்வதால் லாபம் இல்லை. ஹாட்-ஸ்டான்ட்பையில் பூலைப் பிரிக்கவும் வேண்டாம். இரண்டு சர்வரின் கான்ஃபிக் கோப்பும் 'இந்த சர்வரின் பெயர்' என்ற வரியைத் தவிர ஒன்றாகவே இருக்கட்டும். சப்நெட்டுக்கு (நெட்வொர்க் பகுதிக்கு) கோப்பில் தரும் எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று அனுப்பும் லீஸ் தகவலை மற்றொன்றால் பொருத்த முடியாது. ஹெச்ஏ பேசும் டிசிபி போர்ட்டும் (உதாரணங்களில் பெரும்பாலும் 8000) கியாவுக்கான கட்டளைகளை வாங்கித் தரும் கன்ட்ரோல் ஏஜென்டின் போர்ட்டும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் அடுத்தது. இயல்பான அமைப்பில் துணை சர்வர், முதன்மையிடமிருந்து 60 விநாடி பதில் வராவிட்டாலும் உடனே பொறுப்பேற்காது. பத்துக்கும் மேற்பட்ட கணினிகள் முகவரி கேட்டுக் கிடைக்காமல் 10 விநாடிக்கு மேல் தவிக்கின்றன என்று கண்ட பிறகுதான் முதன்மை செத்துவிட்டது என்று முடிவு செய்யும். இரவில் முதன்மை படுத்தால், காலையில் முதலில் வரும் சிலர் முகவரி இல்லாமல் விழிப்பார்கள். சிறிய ஆபீஸுக்கு இந்த 'மேக்ஸ்-அன்ஆக்டு-கிளையன்ட்ஸ்' எண்ணை 2 ஆக்குங்கள். 0 வைத்தால் காத்திருப்பே இல்லை. ஆனால் சர்வர்களுக்கு நடுவே உள்ள இணைப்பு மட்டும் அறுந்தால், இரண்டும் ஒரே பூலிலிருந்து ஒரே முகவரியை இருவருக்குக் கொடுத்துவிடலாம்.

கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் 30 விநாடியைத் தாண்டினால் கியா எச்சரிக்கும்; 60 தாண்டினால் ஹெச்ஏவையே நிறுத்திவிடும். பேட்டரிக் கடிகாரம் இல்லாத ராஸ்ப்பெரி பை 4 போன்ற போர்டில் இது பெரிய பொறி. கரன்ட் போய் வந்ததும் நேரம் தவறாக இருக்கும். நேரம் தவறென்றால், டிஎன்எஸ் பதில் போலியா என்று பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு தோற்கும். டிஎன்எஸ் இல்லாமல் நேர சர்வரின் பெயர் கிடைக்காது. ஒரு நேர சர்வரையாவது பெயரால் இல்லாமல் ஐபி முகவரியால் குறிப்பிட்டால் இந்த முடிச்சு அவிழும்.

ஒரே ஸ்விட்சில் பிரித்த தனி நெட்வொர்க்குகளான விலேன்கள் பல இருந்தால், முகவரிக் கோரிக்கையை சர்வருக்குக் கடத்தும் ஸ்விட்சின் ரிலே அமைப்பில் இரண்டு சர்வர் முகவரியும் வேண்டும். கியா லீஸை மட்டும்தான் பகிர்கிறது. நிரந்தர ஒதுக்கீடுகளை நீங்கள்தான் இரண்டு கோப்பிலும் எழுத வேண்டும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் டிஹெச்சிபி ஃபெயில்ஓவர் உள்ளேயே இருக்கிறது. அங்கும் இதே கதைதான், மாற்றத்துக்குப் பின் ஸ்கோப்பை (ஒரு சப்நெட்டின் அமைப்பை) மற்ற சர்வருக்குக் கையால் ரெப்ளிகேட் (நகல்) செய்ய வேண்டும்.

டிஎன்எஸ்ஸுக்கு இரண்டிலும் பைண்ட் மென்பொருள். உள் பெயர்களுக்கான ஸோன் (பெயர்ப் பதிவுத் தொகுப்பு) முதல் சர்வரில் பிரைமரி (மூலம்), அடுத்ததில் செகண்டரி (நகல்). இரண்டுக்கும் இடையிலான பரிமாற்றத்துக்கு, மறுமுனை நம்பகமானதா என்று உறுதிசெய்யும் டிசிக் சாவி. போர்ட் 53-ஐ யுடிபி, டிசிபி இரண்டிலும் திறங்கள். டிசிபியை மறந்தால் ஸோன் பரிமாற்றம் நடக்காது. பதிவை மாற்றும்போதெல்லாம் சீரியல் எண் ஏற வேண்டும். 2025031401 என்பதுபோல் தேதியும் இரண்டு இலக்கமும் சேர்த்து எழுதுவது வழக்கம். பிரைமரியைத் தொடர்புகொள்ள முடியாமல் செகண்டரி தன் நகலை வைத்திருக்கும் கெடுவான எக்ஸ்பயர் 1209600 விநாடி, அதாவது 14 நாள். பிரைமரி செத்ததைக் கவனிக்காமல் விட்டால், அதுவரை ஒழுங்காகப் பதில் சொன்ன செகண்டரி அந்த ஸோனுக்குத் திடீரென்று பிழை காட்டத் தொடங்குவது இந்தக் கெடு முடிவதால்தான்.

ஆபீஸ் கணினிகளுக்கு இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 கொடுக்கவே கூடாது. உங்கள் உள் பெயரைக் கேட்டால் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று அது சொல்லும். அதுவும் ஒரு பதில்தான் என்பதால் கணினி அடுத்த சர்வரைக் கேட்காது. ஃபைல் சர்வர் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது, தேடிக் களைத்துப்போவீர்கள்.

இரண்டும் சொந்த சர்வராக இருந்தாலும் ஒரு குறை உண்டு. பல லினக்ஸ் கணினிகளில் இயல்பான அமைப்பு ஒவ்வொரு முறையும் பட்டியலில் முதல் சர்வரையே கேட்டு, 5 விநாடி காத்திருந்துதான் அடுத்ததற்குப் போகும். முதலாவது செத்தால் எல்லாம் ஊர்ந்து போகும். இதற்கு, முகவரியை ஒரு சர்வரிலிருந்து மற்றதற்கு மாற்றும் கீப்அலைவ்டு மென்பொருளைப் போட்டு இரண்டு மிதக்கும் முகவரிகள் வையுங்கள்: 10.20.0.5 வழக்கமாக முதல் சர்வரில், 10.20.0.6 இரண்டாவதில். டிஹெச்சிபி இந்த இரண்டையும்தான் கணினிகளுக்குத் தர வேண்டும். ஒரு சர்வர் விழுந்தால் சில விநாடிகளில் இரண்டு முகவரியும் மற்றதில் உட்காரும். முகவரி மாற்றத்துக்குக் கீப்அலைவ்டு பயன்படுத்தும் விஆர்ஆர்பி நெறிமுறையின் எண், ரூட்டர் பயன்படுத்தும் எண்ணோடு மோதக்கூடாது. கண்காணிப்பு ஸ்கிரிப்ட், புராசஸ் ஓடுகிறதா என்று பார்த்தால் போதாது; ஒரு பெயரைக் கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். முகவரி இடம் மாறியதும் பைண்டின் 'ஆர்என்டிசி ஸ்கேன்' கட்டளையை ஓட்டச் செய்யுங்கள்; இல்லையென்றால் புதிதாக வந்த முகவரியை பைண்ட் கவனிக்காமல் இருந்துவிடலாம்.

சோதனைக்கு வேலை நேரத்திலேயே முதல் சர்வரின் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள். ஷட்டவுன் கொடுத்துப் பார்ப்பது நிஜக் கோளாறு ஆகாது. மூன்று மடிக்கணினிகளை ஒன்றாகப் புதிதாக இணைத்து, முகவரி எத்தனை விநாடியில் கிடைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'மேக்ஸ்-அன்ஆக்டு-கிளையன்ட்ஸ்' 2 ஆக இருப்பதால் இரண்டை மட்டும் இணைத்தால் துணை சர்வர் அசையாது. கேபிளைத் திரும்பச் செருகிய பிறகு இரண்டிலும் ஸோனின் சீரியலும் லீஸ் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.