கொலியூர் போகிறீர்களா? காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள்

பிரான்ஸின் தெற்கு மூலையில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய மீன்பிடி ஊர் கொலியூர். பெர்பின்யான் நகரத்திலிருந்து ரயில் ஏறினால் அரை மணிக்குள் இறங்கிவிடலாம், அங்கிருந்து கடற்கரைக்கு நடைதான். கோடையில் காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள். புதன், ஞாயிறு காலைகளில் சந்தை கூடும்.

முதலில் கடலோரத் தேவாலயத்தைப் பாருங்கள். அதன் மணிக்கூண்டு ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம். 1905 கோடையில் ஓவியர்கள் மத்தீஸும் தெரானும் இங்கே தங்கி, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வரைந்து தள்ளினார்கள். அவர்கள் வரைந்த இடங்களிலேயே அந்த ஓவியங்களின் நகல்களை வைத்திருக்கிறார்கள், ஓவியத்தையும் எதிரே இருக்கிற காட்சியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அரண்மனைக் கோட்டை? நேரம் இருந்தால் சரி.

சாப்பாட்டில் நெத்திலியை விடாதீர்கள். உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்தது, நம்மூர்க் கருவாடு போலக் காய்ந்திருக்காது. உப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் வறுத்த குடைமிளகாயோடு சேர்த்துச் சாப்பிடுங்கள்.

அப்புறம், 1939இல் அகதியாக வந்து இங்கேயே இறந்த ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோவின் கல்லறை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அவருக்கு இன்றும் கடிதம் எழுதுகிறார்கள், அதற்கென்றே ஒரு தபால் பெட்டி உண்டு. வடமேற்கிலிருந்து திராமோந்தான் என்கிற குளிர்காற்று அடிக்கும், ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.