பஞ்சுக்குச்சியைத் தூக்கத் திணறும் பயில்வான்: முதல் குட்டிச் சிற்பம்

காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுவில் தண்டு, இரு முனையிலும் உருண்டை. பளுதூக்கும் போட்டியில் பார்க்கும் தண்டு போலவே இருக்கும், எடைதான் கிடையாது. அதைத் தலைக்கு மேல் நிறுத்த முடியாமல் தள்ளாடும் ஒரு பயில்வானைத்தான் இன்று செய்யப் போகிறோம்.

1 மி.மீ. தடிமனுள்ள செம்பு அல்லது அலுமினியக் கம்பி 30 செ.மீ., சமையலறை அலுமினியத் தாள், டிஷ்யூ பேப்பர், மரவேலைக்கான வெள்ளைப் பசை, அழிரப்பர், குறடு. இவை போதும்.

முதலில் அளவு. ஆண்கள் போட்டித் தண்டின் நீளம் 220 செ.மீ. பஞ்சுக்குச்சி ஏறக்குறைய 7.5 செ.மீ. அந்தக் கணக்கில் நம் ஆள் 6 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். விகிதம் பொருந்தினால் பார்ப்பவர் ஒரு கணம் அதை நிஜப் பளு என்றே நம்புவார். அப்புறம் பஞ்சு கண்ணில் படும், சிரிப்பு வரும். தலையில் மட்டும் கணக்கை மீறலாம். மனித உடல் சுமார் ஏழரைத் தலை உயரம். இவருக்கு நாலு தலை போதும். அதாவது தலை ஒன்றரை செ.மீ.

அடுத்து எலும்புக்கூடு. கம்பியில் 20 செ.மீ. வெட்டி, தடித்த மார்க்கர் பேனாவின் மேல் நடுப்பகுதியை வளைத்தால் தலை வளையம் கிடைக்கும். அதன் கீழே 2 செ.மீ. முறுக்கினால் உடல். மிச்சமுள்ள இரண்டு முனைகளும் கால்கள். மீதி 10 செ.மீ. கம்பியைக் கழுத்தில் ஒரு சுற்று சுற்றி, இருபுறமும் கைகளாக நீட்டுங்கள். மொத்த உயரம் 6 செ.மீ. வரும்படி கை, கால்களில் அதிகப்படியான கம்பியை வெட்டிவிட்டு, கால் முனைகளை அழிரப்பரில் செருகுங்கள்.

இனி நிற்கும் விதம். இங்கே அவசரப்படாதீர்கள், சிற்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று, கனமான எதையாவது தூக்குவதுபோல் நடித்துப் பாருங்கள். எங்கே வளைகிறீர்கள் என்று தெரியும். முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கட்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியட்டும். ஒரு கை நேராகவும் மற்றது மடங்கியும் இருந்தால் தண்டு தானே சாயும். நான்கைந்து விதமாக வளைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நிலை பிடித்துவிட்டதா? சரி, 2 செ.மீ. அகல அலுமினியத் தாள் கீற்றுகளை இறுக்கிச் சுற்றிச் சதை கொடுங்கள். தோளும் தொடையும் தடிமனாக, வயிறு கொஞ்சம் முன்தள்ளி. இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, டிஷ்யூ துண்டுகளை இரண்டு அடுக்கு ஒட்டி ஓரிரவு காயவிடுங்கள். பிறகு வண்ணம்.

முகத்தில் கண், மூக்கு வேண்டாம். திறந்த வாய்க்கு ஒரு கறுப்புப் புள்ளி போதும். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1926இல், இருபதுகளில் இருந்தபோது, பாரிஸில் கம்பி, துணி, கார்க் கொண்டு ஒரு குட்டி சர்க்கஸ் செய்யத் தொடங்கினார். அதில் பளுதூக்குபவரும் உண்டு. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த உருவங்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு வளைந்த கம்பி எவ்வளவு பேசுகிறது என்று புரியும்.

கடைசியாக, கைகளில் பஞ்சுக்குச்சியை ஒரு சொட்டுப் பசையால் ஒட்டுங்கள். படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் மேசைக்கு அருகில் வரும். அங்கிருந்து பார்த்தால் 6 செ.மீ. பயில்வான் மலைபோல் நிற்பார்.